ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்ட என்ன பசை?

மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டாலும், உதிரிபாகப் பட்டறைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்றில் டிரெயினிங் போனேன். பிளாஸ்டிக் மூடியில் ரப்பர் பட்டை ஒட்டும் வேலை. முதல்நாள் நான் ஒட்டிய 40 மூடியிலும் மறுநாள் காலையில் பட்டை தொங்கியது. "என்னண்ணே, பசை சரியில்லையா?" என்றேன். அண்ணன் பதில் சொல்லாமல் மூடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பரவாமல் முத்து மாதிரி குவிந்து நின்றது.

நண்பர்களே, அதுதான் பாடம். அந்த மூடி பாலிப்ரொப்பிலீன். அதன் பரப்பு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன்தான். பசை பரவினால்தானே பிடிக்கும்!

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருந்தால் கவலை குறைவு. நியோப்ரீன் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு அழுத்தினால் போதும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீனுக்கோ முதலில் பிரைமர் தடவணும், அல்லது தீச்சுடரை நொடிநேரம் காட்டணும். பிறகுதான் சயனோஅக்ரிலேட். அது காய்ந்தால் விறைக்கும். ரப்பர் வளைய வளைய விளிம்பில் விரிசல் விடும். வளையும் இடத்துக்கு ரப்பர் கலந்த வகையே நல்லது.

ரப்பரையும் நம்பக்கூடாது. அச்சில் அடித்த சிலிக்கான், உள்ளிருந்து மேலே வரும் மெழுகு, ரெண்டும் பசைக்குப் பகை. எடுத்தவுடன் உப்புத்தாள் போட்டால் அழுக்கு உள்ளேதான் இறங்கும். முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிறகு தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும்.

பிரைமர் போட்டு நான் திரும்ப ஒட்டியதில் ஒன்றை அண்ணன் பிய்த்துப் பார்த்தார். பசை விடவில்லை, ரப்பர்தான் கிழிந்தது.