இரண்டாவது தோட்டா: பம்ப் ஆக்‌ஷன் ரைஃபிளை வைத்து ஒரு நம்பகத்தன்மைப் பாடம்

போன தை மாசம் பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய நண்பன், பையைக் கட்டிலில் போட்ட கையோடு போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஏதோ ஒரு காடு. மரத்தடியில் ஒருத்தர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். மான் ஒன்று குறுக்கே ஓடுகிறது. டமால். துப்பாக்கியின் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிறார். மறுபடியும் டமால்.

"பாத்தியால, குறியில இருந்து கண்ணையே எடுக்கல. இது மாதிரி ஒண்ணு எங்க மாமாகிட்ட இருந்திருந்தா இந்த வருஷம் மக்காச்சோளம் மிஞ்சியிருக்கும்."

அவனுக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். மாமாவோட மானாவாரிக் காட்டில் கதிர் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் புகுந்து, ஒரே ராத்திரியில் பாதியைச் சாய்த்துப் போட்டுவிட்டது. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்க கரிசல் பக்கம் 'காடு' என்றால் மரம் இருக்கும் காடு இல்லை, மழையை நம்பி விதைக்கிற நிலம்.)

நான் மெக்கானிக்கல். சும்மா இருக்க முடியுமா? "பம்ப் எல்லாம் வேண்டாம், போல்ட் ஆக்‌ஷன்தான் நம்பகமானது" என்றேன். மூணு நாள் சண்டை ஓடியது. சண்டை முடிந்தபோது எங்க ரெண்டு பேருடைய கேள்வியுமே தப்பு என்று தெரிந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், நம்பகத்தன்மை என்றால் என்ன?

பேச்சில் 'நல்ல சாமான்' என்ற அர்த்தத்தில் சொல்லிவிடுகிறோம். பாட வரையறை கறாரானது: ஒரு கருவி, சொல்லப்பட்ட சூழ்நிலையில், சொல்லப்பட்ட காலம் வரை, தனக்கு விதிக்கப்பட்ட வேலையைப் பிசகாமல் செய்வதற்கான நிகழ்தகவு. வேலை, சூழ்நிலை, காலம் மூன்றையும் சொல்லாமல் 'இது நம்பகமானது' என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

கோவில்பட்டிக்காரர்களுக்குத் தீப்பெட்டியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சித்திரை வெயிலில் ஒரு பெட்டியில் உள்ள அத்தனை குச்சியும் ஒரே உரசலில் பத்தும். ஐப்பசி அடைமழையில் அதே பெட்டி ஈரம் இழுத்துக்கொண்டால் நாலு குச்சி போன பிறகுதான் அடுப்பு எரியும். தலைமருந்து அதேதான், குச்சியும் அதேதான். மாறியது சூழ்நிலை. ஆக, நம்பகத்தன்மை பொருளுக்குள் மட்டும் இல்லை. பொருளும் சூழ்நிலையும் சேரும் இடத்தில் இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு வருவோம்.

பம்ப் ஆக்‌ஷன் எப்படி வேலை செய்கிறது?

ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்த தோட்டா தயாராக ஐந்து வேலை நடக்க வேண்டும். பூட்டு திறக்கணும், காலிப் பித்தளைக் கூட்டை சேம்பரில் இருந்து உருவணும், அதை வெளியே தள்ளணும், புதுத் தோட்டாவை உள்ளே ஏற்றணும், மறுபடி பூட்டணும். இதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் வகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்.

செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டா வெடிக்கும் வாயுவோ, பின்னுதைப்போ அந்தச் சக்தியைத் தருகிறது. போல்ட் ஆக்‌ஷனில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்குகிறோம். பம்ப் ஆக்‌ஷனில் குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடி முன்னும் பின்னும் வழுக்கும். அதோடு இணைந்த எஃகுப் பட்டைகள் போல்ட்டை நகர்த்தும்.

இந்த வகை புதுசு இல்லை. கோல்ட் நிறுவனத்தின் லைட்னிங் ரைஃபிள் 1884இலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்து பம்ப் ரைஃபிள்களில் ஒரு சிக்கல். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்தோட்டாவின் மூக்கு, முன்தோட்டாவின் பின்புறத்தில் இருக்கும் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் அது பிரைமரைக் குத்தி வெடிக்க வைக்கலாம். ரெமிங்டன் நிறுவனம் 1912இல் விட்ட மாடல் 14இல், வடிவமைப்பாளர் ஜான் பெடர்சன் அந்தக் குழாயையே திருகுச் சுருளாகச் செய்து, தோட்டாக்களைச் சாய்வாக நிற்க வைத்தார். மூக்கு பிரைமரில் படாது. 1952இல் வந்த மாடல் 760 கேம்மாஸ்டர் கழற்றி மாட்டும் பெட்டி மேகஸினுக்கு மாறி, அந்தச் சிக்கலையே இல்லாமல் ஆக்கியது. அதன் போல்ட் தலை சுழன்று குழலின் பின்பகுதியிலேயே பூட்டிக்கொள்ளும். அதனால் அதிக அழுத்தமுள்ள .30-06 போன்ற தோட்டாக்களையும் தாங்கியது. 1981 வரை சுமார் 10 லட்சம் ரைஃபிள்கள் உற்பத்தியாகின. பிறகு மாடல் 7600 வந்தது.

பிளஸ் என்ன, மைனஸ் என்ன?

பிளஸ்:

1. வேகம். இடது கை முன்பிடியிலும் வலது கை விசையிலும் இருந்தபடியே அடுத்த தோட்டா ஏறிவிடும். குறி கலையாது.

2. வாயுக் குழாய், பிஸ்டன் எதுவும் இல்லை. கரி படிந்து நிற்கும் தொல்லை குறைவு.

3. தோட்டா வெடிக்காமல் போனாலும் ஒரு இழுப்பில் அதை வெளியே தள்ளிவிடலாம். செமி ஆட்டோமேட்டிக் தன்னால் சுழல வேண்டுமானால் தோட்டா வெடித்தாக வேண்டும். இங்கே கைதான் எஞ்சின்.

மைனஸும் அதே கையில்தான் இருக்கிறது:

1. பதற்றத்தில் முன்பிடியை முழுசாகப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளிவிட்டால் காலிக்கூடு வெளியே போகாது, அல்லது புதுத் தோட்டா ஏறாது. இதை 'ஷார்ட் ஸ்ட்ரோக்' என்பார்கள். பம்ப் துப்பாக்கியில் அடிக்கடி பேசப்படும் கோளாறு இது. இதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது.

2. வெடிக்கும் அழுத்தத்தில் பித்தளைக்கூடு விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டும், பிறகு சற்றே சுருங்கும். தூசியோ, அளவு பெரிதான கூடோ இருந்தால் இறுகிக்கொள்ளும். 1898 மாடல் மவுசர் போன்ற போல்ட் ஆக்‌ஷனில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு கேம் சரிவு, நெம்புகோல் மாதிரி கூட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து விடுவிக்கும். பம்பில் கை நேர்கோட்டில் இழுக்கிறது. அந்த நெம்பு பலம் குறைவு.

3. தரையில் குப்புறப் படுத்துச் சுடும்போது முன்பிடியை இழுப்பது சிரமம்.

இது வரைக்கும் நானும் நண்பனும் சமம். ஆளுக்கு மூணு பாயிண்ட்.

இப்போ கணக்குக்கு வருவோம்

தொடர் அமைப்பின் நம்பகத்தன்மை, உறுப்புகளின் நம்பகத்தன்மைகளைப் பெருக்கினால் வரும். ஐந்து வேலையும் தனித்தனியே 0.99 என்று வைத்தால், 0.99ஐ ஐந்து முறை பெருக்க 0.95 வரும். ஒவ்வொன்றும் 100க்கு 99 சரி என்றாலும், மொத்தமாக 100க்கு 5 முறை சிக்கும்.

இதோடு வேட்டைக்காரரையும் கணக்கில் சேர்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். நீங்கள் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் குண்டு உயிர்நிலையில் பட்டு மான் உடனே விழ வாய்ப்பு 0.80. மிச்சம் 0.20இல் மான் காயத்தோடோ, மிரண்டோ ஓடுகிறது. ஓடும் மானை இரண்டாவது குண்டு சரியாக அடிக்க வாய்ப்பு 0.30. அந்த இரண்டாவது தோட்டாவைத் துப்பாக்கி சிக்காமல் ஏற்ற வாய்ப்பு 0.95.

மொத்தம்: 0.80 + (0.20 × 0.30 × 0.95) = 0.857.

துப்பாக்கியைப் பிரமாதமாகத் திருத்தி 0.95ஐ 0.99 ஆக்கினால்? 0.8594. கூடியது கால் சதவீதம்கூட இல்லை! நாங்கள் மூணு நாள் தொண்டை வறள அடித்துக்கொண்டது இந்தக் கால் சதவீதத்துக்குத்தான்.

துப்பாக்கியைத் தொடாமல், அவசரப்படாமல், கிட்டத்தில் தெளிவாகத் தெரியும்போது மட்டும் சுட்டு முதல் குண்டை 0.80இல் இருந்து 0.90 ஆக்கினால்? 0.90 + (0.10 × 0.30 × 0.95) = 0.9285. ஏழு சதவீதம் ஏற்றம்.

ஆக, பம்ப் ஆக்‌ஷனின் பெருமை முழுக்க இரண்டாவது தோட்டாவில். வேட்டையின் நம்பகத்தன்மையோ முதல் தோட்டாவில். இரண்டாவது தோட்டா என்பது முதல் தோட்டா தவறியதற்கான இன்சூரன்ஸ்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 0.857 என்றால் 100க்கு சுமார் 86. மீதி 14 மான் எங்கே? கணக்கில் அது வெறும் 0.143. அதில் சில தப்பிப் பிழைக்கும். மற்றவை எங்கேயோ ஓடைக்குள் ரத்தம் வடிய நிற்கும். பொறியியலில் தோல்வி விகிதம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இங்கே தோல்விக்கு உயிர் இருக்கிறது.

அந்தச் சூழ்நிலை வேற, நம்ம சூழ்நிலை வேற

பம்ப் ரைஃபிள் பேர் வாங்கிய இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் பென்சில்வேனியா. அடர்ந்த மரக்காடு; மான் மரங்களுக்கு நடுவே சில நொடிதான் தெரியும். அந்த மாநிலத்தில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு அனுமதி கிடையாது. சட்டத்துக்கு உட்பட்டு வேகமாக அடுத்த குண்டைச் சுட இருந்த வழிகளில் ஒன்று பம்ப். அதாவது, அந்த நிலமும் அந்தச் சட்டமும் சேர்ந்துதான் அதை அங்கே நல்ல துப்பாக்கி ஆக்கின.

நம்ம பக்கம் என்ன இருக்கிறது? கோவில்பட்டிப் பக்கம் குருமலைக் காப்புக்காட்டில் புள்ளிமான். தெற்கே போனால் 1987இல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு வெளிமான் சரணாலயம். சுமார் 16 சதுர கிலோமீட்டர்தான். இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி அது. வெளிமான் பெயரிலேயே 'வெளி' இருக்கிறது: திறந்த நிலத்து விலங்கு. உன்னை அது முதலில் பார்த்துவிடும். மரத்தடியில் உட்கார்ந்து சில நொடியில் சுடும் கதையே இங்கே இல்லை.

அதைவிட முக்கியம், தவறிய குண்டு எங்கே போகும்? .30-06 குண்டு எதிலும் படாவிட்டால் 4 கிலோமீட்டர் தாண்டியும் போகும். கரிசல் வெளியில் அதைத் தடுக்க மேடும் இல்லை, மரமும் இல்லை. அந்த 4 கிலோமீட்டருக்குள் உளுந்துக்குக் களை எடுக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ராத்திரி பன்றிக்காக என்றால் இன்னும் மோசம். சோளத்துக்குள் அசைவது பன்றியா, காவலுக்கு வந்த பக்கத்துக் காட்டுக்காரரா?

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் சில விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. புள்ளிமானைச் சுட்டாலும் குற்றம்தான். 1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த உரிமம் மான் சுட அனுமதி ஆகிவிடாது. பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை அறிவித்தது: காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி என்பது அதில் இல்லை.

மாமா சொன்னது

இதையெல்லாம் நண்பன் போனில் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டு என்னையும் பேசச் சொன்னான்.

"மருமகனே, நீங்க கணக்கு போட்டீக. நான் பாத்திருக்கேன்" என்றார் அவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் ஒருத்தர் நாட்டுத் துப்பாக்கியால் ஒரு மானைச் சுட்டாராம். அடி பட்டது, மான் நிற்கவில்லை. மூணாம் நாள் ஆடு மேய்க்கப் போன இவர்தான் ஓடைக் கரையில் அதைப் பார்த்தது. உயிர் இருந்தது. காக்கா சுற்றி உட்கார்ந்திருந்தது. "சுட்டது ஒரு பாவம். பட்டும் படாம விட்டது பெரும் பாவம். அதுக்குப் பெறகு அந்த மனுசன் துப்பாக்கியத் தொடல."

அந்த 14இல் ஒன்று.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. மாமாவே தொடர்ந்தார்: "எனக்குத் துப்பாக்கி வேண்டாம்யா. ராத்திரி நான் தூங்கணும், பன்னி உள்ள வரக் கூடாது, எவனும் சாகக் கூடாது. இஞ்சினீயருக்குப் படிக்கீகள்ல, அதுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க."

யோசித்துப் பாருங்கள். ஒரு விவசாயி மூன்று வரியில் வேலை, சூழ்நிலை, தோல்வி வரம்பு மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலியில் நேரடி மின்சாரம் விட்டால் முதல் இரண்டும் நிறைவேறும்; மூன்றாவது தோற்கும். அப்படி உயிர் போன செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நொடிக்கு ஒரு முறை மிகச் சிறிய நேரம் மட்டும் துடிப்பு கொடுக்கும் சோலார் வேலி மூன்றையும் நிறைவேற்றலாம். ஆனால் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கசிவு, மழைக் கரிசலில் சாயும் கம்பம், அதன் விலை என்று அதற்கும் தனித் தோல்விப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைப் போடுவதுதான் இந்த வருஷம் எங்க மினி புராஜெக்ட். இ.இ.இ. நண்பர்கள் யாராவது சேர விரும்பினால் ரூமுக்கு வாங்க.

நண்பன் அந்த வீடியோவை இன்னும் பார்க்கிறான். ஆனால் இப்போது இரண்டாவது டமால் கேட்டதும் நிறுத்திவிட்டு, "முதல் குண்டு எங்கல பட்டிருக்கும்?" என்று கேட்கிறான்.