ஸ்பானிஷ் படிக்கலாமா: பட்டமா, சான்றிதழா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை ‘ஸ்பானிஷ் பி.ஏ. சேரப் போகிறேன்’ என்று சொன்னால், ‘படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?’ என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலாகக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரே பாட்டு: ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி, 20 நாடுகளின் ஆட்சிமொழி, ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று, ஆகவே வாய்ப்புகள் ஏராளம். தகவலில் பிழையில்லை. ஆனால் 50 கோடிப் பேர் பேசுகிறார்கள் என்பதற்காக யாரும் நமக்குச் சம்பளம் தரப்போவதில்லை.

சேரும் முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது வேலைக்கான மொழித்திறன் மட்டுமா, அல்லது அந்த மொழியின் இலக்கியத்தையும் வரலாற்றையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கும் ஆசையா? முன்னதற்குச் சான்றிதழ் போதும். பின்னதற்குத்தான் பட்டம். இந்த வேறுபாடு தெரியாமல் சேர்பவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் தடுமாறுகிறார்கள்.

சான்றிதழ் வழி

ஸ்பானிஷ் மொழியை உலகெங்கும் பரப்ப ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய நிறுவனம் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாண்டெஸ். அதன் புதுடெல்லி மையம் 2009இல் திறக்கப்பட்டது. இந்த நிறுவனம் வழங்கும் ‘டெலே’ சான்றிதழுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உண்டு. ஒருமுறை தேறினால் ஆயுள் முழுவதும் செல்லும். ‘சியேலே’ என்ற இன்னொரு தேர்வைக் கணினியில் எழுதலாம். அதன் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அஞ்சல் வழியில் தொடங்க நினைப்பவர்களுக்கு இக்னோவில் ஸ்பானிஷ் மொழி, பண்பாட்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது.

நிறுவனங்கள் பொதுவாக எதிர்பார்ப்பது பி2. வாடிக்கையாளரோடு தொலைபேசியில் தயங்காமல் பேசவும், ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், பிழையின்றி மின்னஞ்சல் எழுதவும் முடிகிற நிலை அது. பி.காம். அல்லது பொறியியல் படித்துக்கொண்டே மாலை வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் பட்டம் முடிவதற்குள் பி2ஐ எட்டிவிடலாம். நோக்கம் வேலை மட்டும் என்றால் செலவு குறைந்த வழி இதுதான்.

பட்டப் படிப்பில் என்ன இருக்கும்?

இந்தியாவில் ஸ்பானிஷ் பி.ஏ. பெரும்பாலும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கும். மொழி முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை. முதல் ஆண்டில் இலக்கணம், உச்சரிப்பு, கேட்டல், பேசுதல். நமக்கு உச்சரிப்பு சுலபம். அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிரொலிகளும் தமிழில் இருப்பவையே. சிரமம் வினைச்சொல்லில் வரும். விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்கு வினை தனி வடிவம் எடுக்கும். அது பழகப் பொறுமை வேண்டும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து படிப்பின் முகம் மாறிவிடும். ஸ்பெயின் வரலாற்றில் 711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி, கிரனடா வீழ்ந்து, யூதர்கள் வெளியேற்றப்பட்டு, கொலம்பஸ் கடல் கடந்து, நெப்ரிஹாவின் காஸ்தீலிய இலக்கண நூலும் வெளிவந்த 1492, பிறகு 1936-39 உள்நாட்டுப் போர், 1975 வரை நீடித்த பிராங்கோ சர்வாதிகாரம், 1978 அரசியலமைப்பு என்று பாடம் நகரும். ஸ்பெயினில் கட்டலான், கலீசியன், பாஸ்க் மொழிகளுக்கும் அவை வழங்கும் மாநிலங்களில் ஆட்சிமொழித் தகுதி உண்டு. மொழியுரிமை அரசியலை அறிந்த தமிழ் மாணவருக்கு அந்த விவாதம் எளிதில் பிடிபடும்.

இலக்கியத்தில் 1554இல் வந்த ‘லாசரியோ’, 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வந்த செர்வாண்டெஸின் ‘தோன் கிஹோத்தே’, மெக்சிகோவின் துறவிக் கவிஞர் சோர் ஹுவானா, நிகராகுவாவின் ரூபன் தாரியோ, 1936இல் சுட்டுக்கொல்லப்பட்ட லோர்கா, அர்ஜென்டினாவின் போர்ஹெஸ், கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ் என்று வரிசை நீளும். ஸ்பானிஷில் எழுதியவர்கள் இதுவரை 11 பேர் இலக்கிய நோபல் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள்.

இவை பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிட்டால் பயனில்லை. நல்ல துறையில் ஒரு நூலை எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்றுத் தருவார்கள். கவிஞர் பாப்லோ நெரூதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் சிலி நாட்டின் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் இருந்தவர். தன் வீட்டில் கழிப்பறை சுத்தம் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை வன்புணர்ந்ததை, அவர் இறந்தபின் 1974இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் யோசனை 2018இல் எழுந்தபோது சிலியின் பெண்ணுரிமை இயக்கத்தினர் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். கவிதையின் உயரத்தையும் எழுதியவரின் குற்றத்தையும் ஒன்றையொன்று மறைக்காமல் எப்படிப் பேசுவது? அதை ஸ்பானிஷிலேயே வாதாடி எட்டுப் பக்கக் கட்டுரையாக எழுதச் சொல்வார்கள். அந்தப் பயிற்சி சான்றிதழ் வகுப்பில் கிடைக்காது.

எங்கே படிப்பது?

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ், போர்த்துகீசியம், இத்தாலியம், லத்தீன் அமெரிக்க ஆய்வுகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பி.ஏ. ஆனர்ஸ் முதல் பிஎச்.டி. வரை அங்கே படிக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமான இஃப்ளு ஆகியவையும் இந்தப் பாடத்துக்குப் பெயர்பெற்றவை. இவற்றில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது இஃப்ளு.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சேர்க்கை பெரும்பாலும் ‘க்யூட்’ நுழைவுத் தேர்வு வழியாகவே நடக்கிறது. அதில் எந்தெந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்பது பல்கலைக்குப் பல்கலை மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்துவிடுங்கள். கட்டணம் குறைவு. போட்டி கடுமை.

ஸ்பெயினுக்கே போய்ப் படிக்க ஆசையா? இளநிலைப் பட்டம் அங்கே பொதுவாக நான்கு ஆண்டு, 240 கிரெடிட். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழுக்கு இணைத்தகுதி வாங்கும் வேலை நீளமானது. அதனால் இங்கே பி.ஏ. முடித்துவிட்டு ஓராண்டு முதுநிலைக்குப் போவது பலருக்கும் பொருந்தும். 1218இல் தொடங்கிய சலமான்கா பல்கலைக்கழகம் ஸ்பானிஷ் கற்பித்தலுக்குப் பேர்போனது. ஸ்பானிஷ் வழி முதுநிலைப் படிப்புகள் பலவும் குறைந்தது பி2 கேட்கும். மாணவர் விசாவில் வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்க 2022 முதல் அனுமதி உண்டு. அந்தச் சம்பளத்தை நம்பி மட்டும் விமானம் ஏறாதீர்கள்.

வேலை எங்கே இருக்கிறது?

1. பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே மையங்களில் கணக்கு, கொள்முதல், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் சேவை ஆகிய பிரிவுகளுக்கு ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பெரிய வாசல் இதுதான். மொழிக்கென்று கூடுதல் சம்பளம் கிடைப்பதும் உண்டு.

2. தொழிற்சாலைகளும் ஏற்றுமதியும். ராணிப்பேட்டையிலும் பெருந்துறையிலும் குளியலறைச் சாதனங்கள் தயாரிக்கும் ரோக்கா ஸ்பெயின் நிறுவனம். நம் பாரிவேர் அதன் கைக்குப் போய்விட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் வண்டிகளின் பாகங்களைப் பூட்டி முழுமையாக்குகிறது. டிசிஎஸ் 2002லேயே உருகுவாய்த் தலைநகர் மொந்தெவிதேயோவில் மையம் திறந்தது. இந்திய விமானப்படைக்கு ஏர்பஸ்ஸும் டாட்டாவும் சேர்ந்து தரும் 56 சி-295 விமானங்களில் 16 ஸ்பெயினின் செவியாவில் செய்தவை, மீதி 40 வதோதராவுக்கு உரியவை. இத்தகைய இடங்களில் மொழியோடு ஏற்றுமதி ஆவணமோ, கொள்முதலோ, தரக் கட்டுப்பாடோ தெரிந்திருக்க வேண்டும்.

3. கற்பித்தல். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஸ்பானிஷ் பாடமாக உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020 உயர்நிலைப் பள்ளிக்கான அயல்மொழிகளில் ஸ்பானிஷையும் குறிப்பிடுகிறது. ஆனால் மூன்று மொழிகளில் இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்வதால், பள்ளி வேலை எப்போதும் நிலையானது என்று எண்ண வேண்டாம். கல்லூரியில் ஆசிரியராக எம்.ஏ.வும் நெட் அல்லது பிஎச்.டி.யும் தேவை.

4. மொழிபெயர்ப்பு. சாதாரண வணிகக் கடிதங்களை இன்று இயந்திரமே பெயர்த்துவிடுகிறது. அதைத் திருத்தும் வேலைதான் மனிதருக்கு மிஞ்சுகிறது, கூலியும் குறைவு. சட்டம், மருத்துவம், காப்புரிமை போன்ற ஒரு துறையைக் கற்றவருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. இலக்கியத்தில் ஒரு காலியிடமும் உண்டு. லத்தீன் அமெரிக்க நாவல்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்தன. மூலத்திலிருந்து நேரடியாகப் பெயர்ப்பவர்கள் குறைவு. ஸ்பெயின் பண்பாட்டு அமைச்சகம் இதற்காக வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு நிதியுதவி தருகிறது. வயிறு வளர்க்கும் தொழிலாக அல்ல, பெயர் நிற்கும் பணியாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மயக்கங்கள்

‘ஐ.நா.வில் வேலை.’ அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் முதன்மை மொழிக்குத்தான் பெயர்ப்பார்கள். ஸ்பானிஷ் பிரிவில் அமர அது தாய்மொழிக்கு நிகராக இருக்க வேண்டும். ஆங்கிலப் பிரிவுக்குப் போக, பிழையற்ற ஆங்கிலத்தோடு இன்னும் இரண்டு ஐ.நா. மொழிகள் வேண்டும். முடியாததல்ல; பி.ஏ. முடித்ததும் கிடைப்பதுமல்ல.

‘ஐ.எஃப்.எஸ். ஆக உதவும்.’ வெளியுறவுப் பணிக்குத் தேர்வானவர்களுக்கு அயல்மொழியை அரசே ஒதுக்கிக் கற்பிக்கிறது. யுபிஎஸ்சி தேற ஸ்பானிஷ் பட்டத்தால் தனிச் சலுகை எதுவும் இல்லை.

அலுவலகத்தில் முதல் மாதம்

பாடப்புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத சில விஷயங்கள் வேலையில் காலை வாரும்.

எண்கள்: ஸ்பெயின் பில்லில் 1.500 என்றிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. மெக்சிகோ நம்மைப் போலப் புள்ளியையே தசமத்துக்கு வைக்கும். ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் நூறு கோடி. ஸ்பானிஷில் ஒரு பியோன் என்பது ஒரு லட்சம் கோடி. நிதியறிக்கையில் இது பிசகினால் ஆயிரம் மடங்கு தவறு.

பெயர்கள்: ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும், வழக்கமாக முதலில் தந்தையுடையது, பிறகு தாயுடையது. கார்சியா மார்க்கேஸ் கோப்பில் ‘கார்சியா’வின் கீழ்தான் வருவார். கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்குகள் உருவாகும்.

மரியாதை: நாம் நீ, நீங்கள் பார்ப்பதுபோல் அங்கே தூ, உஸ்தெத். ஸ்பெயின் அலுவலகங்களில் ‘தூ’ சீக்கிரம் வந்துவிடும். கொலம்பியாவில் பல இடங்களில் நெருக்கமானவர்களிடமே ‘உஸ்தெத்’ புழங்கும். அர்ஜென்டினாவில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’. சந்தேகம் வந்தால் உஸ்தெத்தில் தொடங்குங்கள்.

நேரம்: மெக்சிகோ நகரம் நமக்கு 11½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. அந்த வாடிக்கையாளர் என்றால் இரவுப் பணி நிச்சயம். ஸ்பெயின் குளிர்காலத்தில் 4½, கோடையில் 3½ மணி நேரம்தான் பின்னால். பிற்பகல் பணியோடு சமாளிக்கலாம். நேர்முகத் தேர்விலேயே எந்த நாட்டுக்கான வேலை என்று கேட்டுவிடுங்கள்.

பட்டத்தில் சேர்ந்துவிட்டால்

முதல் ஆண்டு: தினமும் அரை மணி நேரம் ஸ்பானிஷ் வானொலியோ செய்தியோ கேளுங்கள். ஸ்பெயின் ஒலிப்பு மட்டும் பழகாமல் மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா ஒலிப்புகளையும் பழகுங்கள். ஆண்டு முடிவில் ஏ2 இலக்கு.

இரண்டாம் ஆண்டு: பி1. கூடவே ஒரு தொழிலறிவு. கணக்கியல், டிஜிட்டல் மார்க்கெட்டிங், தரவுப் பகுப்பாய்வு, ஏற்றுமதி ஆவணம் ஆகியவற்றில் ஒன்று போதும், நான்கையும் தொடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு: டெலே பி2 எழுதிவிடுங்கள். பட்டச் சான்றிதழில் ‘ஸ்பானிஷ்’ என்றிருப்பது உங்கள் அளவைச் சொல்லாது; பி2 சொல்லும். ஒரு சிறுகதையைத் தமிழுக்குப் பெயர்த்துப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆய்வு, எந்த நாடு என்று எம்.ஏ.வைப் பற்றி யோசிக்க வேண்டிய ஆண்டும் இதுதான்.

தீர்ப்பு

புத்தகம் கையில் எடுத்தால் தூக்கம் வருகிறவர் இந்தப் பட்டத்தில் சேர வேண்டாம். அவருக்கு வேறொரு பட்டமும் டெலே பி2வும் போதும். சேவை மைய வேலைக்கு அவர்தான் இன்னும் பொருத்தமானவர். வாசிப்பில் ருசி உள்ளவர், ஆசிரியப் பணியோ ஆய்வோ மொழிபெயர்ப்போ வேண்டுபவர், ஒரு கண்டத்தையே புரிந்துகொள்ளத் துணிபவர் தயங்காமல் சேரலாம். ஆனால் மொழியோடு இன்னொரு கைத்தொழிலையும் கற்றுக்கொண்டு வெளியே வாருங்கள். ‘படித்துவிட்டு என்ன வேலை?’ என்று கேட்கும் பெற்றோரிடம் நாட்டின் பெயர், துறையின் பெயர், எட்ட வேண்டிய படி என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் விண்ணப்பத்தை நிரப்புங்கள். சொல்ல முடியாவிட்டால் முதலில் ஏ1 வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்து பாருங்கள்.