டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை தவழக் கற்பது எவ்வாறு?

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் இரண்டாம் பருவம் செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் குழந்தையின் நிலை அது. நம் முன்னோர் அதனை ஐந்தாம் மாதத்துக்கு உரியதாகவும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்துக்கு உரியதாகவும் வகுத்தனர். இந்தக் கணக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் இன்றும் இருக்கிறது. ஆகவே, டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தை பத்து மாதமாகியும் பாயில் விட்ட இடத்திலேயே கிடக்கும்போது வீடு முழுவதும் கலங்குகிறது. ‘எங்கள் பிள்ளை தவழுமா? எப்போது தவழும்?’ என்று பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். அவ்விரு வினாக்களுக்கும், ‘அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்னும் மூன்றாவது வினாவுக்கும் இங்கே விடை கூற விழைகிறோம்.

முதல் வினாவுக்கு விடை எளிது. இக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தவழ்ந்தோ வேறு வகையில் நகர்ந்தோ, பின்னர் எழுந்து நடக்கிறார்கள்.

தாமதம் ஏன்?

மனித உயிரணுவில் வழக்கமாக 46 குரோமோசோம்கள் உள்ளன. டவுன் சிண்ட்ரோமில் பெரும்பாலும் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்து, எண்ணிக்கை 47 ஆகிறது. இந்நிலையை 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். அதன் காரணம் கூடுதல் குரோமோசோமே என்பது 1959இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களால் வெளியாயிற்று. தாய் கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, கருவுற்ற காலத்தில் நடவுக்குச் சென்றதாலோ, எதையோ உண்டதாலோ இது நேர்வதில்லை. இதில் தாயின் குற்றமும் இல்லை. தந்தையின் குற்றமும் இல்லை.

தவழ்வது தாமதமாவதற்கு உடலில் நான்கு காரணங்கள் உள்ளன. முதலாவது, தசைத் தொய்வு. குழந்தையைத் தூக்கும்போது கையிலிருந்து நழுவுவதுபோல் தோன்றுவது இதனால்தான். இரண்டாவது, மூட்டுகளைப் பிணைக்கும் நார்களின் தளர்ச்சி. இதனால் தொடைகள் தவளையின் கால்களைப்போல் இருபுறமும் அகன்று விழுகின்றன. மூன்றாவது, தசை வலிமை குறைவாக இருத்தல். பயிற்சியால் இது நன்கு கூடும். நான்காவது, உடலின் நீளத்தை நோக்கக் கைகளும் கால்களும் சற்றுக் குட்டையாக இருத்தல். நீண்ட உடலைக் குட்டையான கைகளால் தரையிலிருந்து உயர்த்துவது கடினம் அன்றோ? இக்குழந்தை சோம்பல் உடையது அன்று. மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக உழைத்தே அதே செயலைச் செய்கிறது.

எப்போது தவழும்?

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட அளவின்படி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்வது சுமார் 5 மாதம் முதல் 13 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். அக்குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வர் அவ்வாறு தவழாமலேயே நடந்தனர். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பொதுவாக 8 மாதம் முதல் 22 மாதத்துக்குள் நகரத் தொடங்குகிறார்கள். பலர் முதல் பிறந்த நாளுக்குப் பின்னரே தவழ்கிறார்கள். பலர் இரண்டு வயதை ஒட்டி நடக்கிறார்கள். சிலருக்கு நான்கு வயது வரையும் ஆகலாம்.

டெல்டா உழவருக்கு இது புதிய செய்தி அன்று. குறுவை நெல் நான்கு மாதத்துக்குள் கதிர் முற்றும். நீண்டகாலச் சம்பா நெல்லுக்கு ஐந்து மாதத்துக்கு மேலும் ஆகும். சம்பாப் பயிரைப் பார்த்து, ‘குறுவை போல் ஏன் முற்றவில்லை?’ என்று எவரும் நொந்துகொள்வதில்லை. ஆயினும் காலம் நீளும் என்பதற்காக நீர் பாய்ச்சாமலும் களை எடுக்காமலும் விடுவதுமில்லை. குழந்தைக்கும் அப்படியே.

படிப்படியாகக் கற்பித்தல்

முதற்படி, குப்புறக் கிடத்தல். பிறந்த முதல் வாரங்களிலிருந்தே, விழித்திருக்கும்போது, ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள, குழந்தையைக் குப்புறக் கிடத்துங்கள். தாயோ தந்தையோ சாய்ந்து படுத்துத் தம் மார்பின்மேல் கிடத்திக்கொள்வது நல்ல தொடக்கம்; குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். முதலில் ஓரிரு நிமிடம் போதும். நாளுக்குப் பலமுறை செய்து நேரத்தைக் கூட்டலாம். உறங்கும்போது மட்டும் மல்லாந்தே கிடத்த வேண்டும்.

இரண்டாம் படி, முழங்கையையும் பின்னர் உள்ளங்கையையும் ஊன்றுதல். ஒரு துண்டைச் சுருட்டி மார்பின் கீழ் வைத்து, முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே அமைத்துவிடுங்கள். முன்னே ஒரு பொருளைக் கண் மட்டத்தில் காட்டுங்கள். நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இதற்கு மிகப் பொருத்தமானது. தொட்டால் ஆடும், உருண்டோடாது. வண்ணப் பூச்சு உடையதாகையால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, வயிற்றைத் தரையில் வைத்தபடியே வட்டமாகத் திரும்புதலும், பின்னர் வயிற்றால் ஊர்தலும். பொம்மையை நேர் முன்னே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கைக்கு எட்டும் தொலைவுக்கு நான்கு விரற்கடை அப்பால் இருந்தால் போதும். மிகத் தொலைவில் வைத்தால் குழந்தை மனம் தளர்ந்து அழும். ஊரத் தொடங்கியதும் அதன் உள்ளங்காலில் உங்கள் கையை முட்டுக்கொடுத்தால், உதைத்து முன்னேறக் கற்கும்.

நான்காம் படி, முழங்கால் ஊன்றுதல். காலை நீட்டித் தரையில் அமர்ந்து, உங்கள் தொடையின் குறுக்கே குழந்தையைக் கிடத்துங்கள். அதன் கைகள் ஒருபுறமும் முழங்கால்கள் மறுபுறமும் தரையில் ஊன்றட்டும். முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழே இருக்கவேண்டும். தொடைகள் அகன்று விழுந்தால் உங்கள் கைகளால் இருபுறமும் மெல்ல அணைத்துப் பிடியுங்கள். அந்நிலையில் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துவிடுங்கள். செங்கீரை ஆடுதல் என்பது இதுவே.

ஐந்தாம் படி, கை ஒன்று, கால் ஒன்றாக மாற்றி வைத்து முன்னேறுதல். இதற்குச் சிறு ஏற்றம் உதவும். தலையணை ஒன்றைத் தாண்டச் செய்யலாம். தாழ்வான வாசற்படி ஒன்றில், நீங்கள் இடுப்பைத் தாங்கியிருக்க, ஏறச் செய்யலாம்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சில குழந்தைகள் அமர்ந்தபடியே நகர்வார்கள். அதனால் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் தவழ்வதால் தோளும் முதுகும் இடுப்பும் வலுப்பெறுவதால், இயன்றவரை பயிற்சி அளிப்பது நன்று.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தூளி நம் மரபின் இனிய பொருள். ஆனால் விழித்திருக்கும் குழந்தை நாள் முழுதும் தூளியில் கிடந்தால், உடலை ஊன்றிப் பழக அதற்கு இடமில்லை. விழித்திருக்கும் நேரம் பெரும்பாலும் தரைக்கே உரியதாகட்டும். வழுக்கும் சிமெண்ட் தரையில் முழங்கால் பிடிப்புக் கொள்ளாது. கோரைப்பாயோ கெட்டியான ஜமுக்காளமோ விரித்து, முழங்கால் தரையில் பதியுமாறு அரைக்கால் உடை அணிவியுங்கள்.

குழந்தையைக் கைகளைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தளர்ந்த மூட்டு விலகக்கூடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கை கால்களை முறுக்குவதும் கழுத்தை வளைப்பதும் கூடாது. மெல்லத் தடவுவதில் தவறில்லை. சக்கரம் பொருத்திய வட்ட வாக்கரில் குழந்தையை வைக்க வேண்டாம். அது தவழ்வதையும் நடப்பதையும் விரைவுபடுத்துவதில்லை, விபத்துக்கும் வழிவகுக்கிறது. நம் மர நடைவண்டி வேறு. குழந்தை தானே எழுந்து நிற்கத் தொடங்கிய பின் அது பயன்படும்.

நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாய் வயலுக்குச் செல்லும் வீடுகளில் பாட்டியே குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவ்வாறாயின் பயிற்சியின்போது பாட்டியையும் உடன் அழைத்து வாருங்கள். நாள்தோறும் தரையில் அமர்ந்து குழந்தையோடு பேசப் போகிறவர் அவரே.

‘டவுன் குழந்தை அப்படித்தான்’ என்று விட்டுவிடலாகாது

இக்கட்டுரையில் நீங்கள் மறவாமல் கொள்ளவேண்டிய பகுதி இதுவே. தாமதம் அனைத்துக்கும் டவுன் சிண்ட்ரோமே காரணம் என்று எண்ணி, குணப்படுத்தக்கூடிய நோயைக் காணாமல் விடும் அபாயம் உண்டு.

இக்குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. மருத்துவர் காதில் இதய முணுமுணுப்புக் கேட்காவிட்டாலும், பிறந்த உடனேயே எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும். பால் குடிக்கையில் வியர்த்தல், மூச்சு வாங்குதல், எடை ஏறாமை, சிறு பயிற்சியிலேயே களைத்துப்போதல், உதடு நீலம் பூத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். சில குறைகளுக்கு முதல் ஆறு மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதே சிறந்தது. காலம் தாழ்ந்தால் நுரையீரல் இரத்தக்குழாய்கள் கெட்டு, அறுவைச் சிகிச்சையே இயலாமற்போகலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் குப்புறக் கிடத்தும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதை இதய மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

தைராய்டுச் சுரப்புக் குறைந்தாலும் தசை மேலும் தொய்யும். பிறந்தவுடன், 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பின்னர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை தேவை. செவியும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். பொம்மையைக் காணாத குழந்தை, தாயின் குரலைக் கேளாத குழந்தை, எதை நோக்கித் தவழும்?

கற்ற செயலைக் குழந்தை மறந்தாலோ, தலையும் கைகளும் திடீரென்று முன்னோக்கிச் சொடுக்குவது அடுக்கடுக்காக நிகழ்ந்தாலோ, கழுத்து சாய்ந்து கை கால் வலுவிழந்தாலோ ஒருநாளும் தாமதியாமல் வாருங்கள்.

உதவி எங்கே?

2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் இடம்பெற்றுள்ளது. அதன்கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, செவிச் சோதனை ஆகியன கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராமச் செவிலியரிடமோ கேட்டால் வழிகாட்டுவர். இதய அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற பணியாளரைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பிப் பெற்றோருக்குப் பயிற்சி கற்பித்து வருகிறது. பயிற்சி வீட்டில்தான் வேர்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை.

வாரத்தில் ஓரிரு முறை எங்களிடம் வந்து பெறும் பயிற்சி வழிகாட்டுதல் மட்டுமே. குழந்தை தவழக் கற்பது உங்கள் கூடத்துப் பாயில். அடுத்த முறை வரும்போது, பயிற்சிகளில் எது எளிதாயிற்று, எதில் குழந்தை அழுதது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அதைப் பார்த்து அடுத்த படியை இணைந்து தீர்மானிப்போம்.