பழைய ரிவால்வர், புதிய ரிவால்வர்: பட்டறைக்கு வந்திருக்கும் தம்பிக்கு



வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வாடிக்கையாளர்கள் உன்னை வாதத்துக்கு இழுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். பழைய கோல்ட் பைத்தானுக்கு முன் 2020-ல் வந்த புதியது நிற்குமா, 1970-களின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரி இனி எவனாவது செய்வானா என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக் கடையிலும் இருக்கிறார்கள். நீ எந்தப் பக்கமும் சேராதே. மாறியிருக்கும் பாகத்தைக் கையில் எடு. பழையதில் இந்த இடத்தில் என்ன தேய்ந்தது, என்ன உடைந்தது என்று கேள். சில மாற்றங்கள் உடைசலுக்குக் கண்ட மருந்து. சில, கூலியைக் குறைக்க வந்தவை. சில, வழக்குக்கும் அரசியலுக்கும் பயந்து வந்தவை. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘புதுசு எல்லாம் மட்டம்’ என்று சொல்வது சோம்பேறித்தனம்.

பைத்தானிலிருந்து தொடங்குகிறேன். 1955-ல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் பிறந்தது அது. பழைய பைத்தான் ஒன்று வந்தால், தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, ஹேமரைக் கையால் தாங்கி மெல்ல இறக்கி, டிரிகரை விடாமல் பின்னுக்கு அழுத்தியபடி சிலிண்டரை அசைத்துப் பார். நல்ல நிலையில் இருந்தால் மயிரிழையும் ஆடாது. இந்த இறுக்கத்துக்காகத்தான் ரசிகர்கள் உயிரை விடுகிறார்கள். ஆனால் அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? சிலிண்டரைத் தள்ளித் திருப்பும் ஹேண்ட் என்ற சிறு துண்டு, தன் வேலை முடிந்த பின்னும் விலகாமல், சுடும் நொடியிலும் சிலிண்டரைப் பூட்டுக்கு எதிராக அழுத்திக்கொண்டே நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு வெடியின் அதிர்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு. அது தேயத் தேய, சிலிண்டர் திரும்பிச் சேர வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க, சிலிண்டர் மேல் விரலை லேசாக உரசவிட்டு ஹேமரை மிக மெதுவாக இழு. ஹேமர் முழுதாக ஏறி நின்ற பிறகும் பூட்டு காடியில் விழுந்த சத்தம் கேட்கவில்லையென்றால், சிலிண்டரின் அந்தத் தோட்டா அறை குழலுக்கு நேராக வரவில்லை என்று அர்த்தம். ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பார். ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. இதைப் பைத்தானின் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வப்போது தெரிந்த கை தொட்டுச் சரிசெய்யும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்ட இயந்திரம் அது. அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் நீ இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

2020-ன் பைத்தான் துருப்பிடிக்காத எஃகில் வந்தது. பாகங்களில் 14 குறைத்ததாகவும், பின்குறியின் அடியில் சட்டத்தின் எஃகை 30 சதவீதம் கூட்டியதாகவும் கோல்ட் சொன்னது. தொடக்கத்தில் வந்த சிலவற்றில் சிலிண்டர் திரும்பாமல் நின்றதாகப் புகார்கள் எழுந்தது உண்மைதான். வடிவமைப்பு எப்படி என்பது வேறு, முதலில் வெளியே வந்தவை எப்படிப் பொருத்தப்பட்டன என்பது வேறு. பழைய ராயல் ப்ளூ மெருகின் அழகை அதில் தேடுகிறவர் ஏமாறுவார். நிறையச் சுடப்போகிறவருக்கு நான் தயங்காமல் புதியதையே சொல்வேன்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 19 கதைதான் உனக்கு நல்ல பாடம். எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் கேட்டுக்கொண்டபடி, .357 மேக்னம் தோட்டாவை நடுத்தர அளவான கே சட்டத்துக்குள் அடக்கி 1955-ல் வந்த துப்பாக்கி அது. பயிற்சிக்கு வலுக் குறைந்த .38 ஸ்பெஷல், இடுப்பில் இருக்கையில் மேக்னம் என்பதுதான் அன்றைய வழக்கம். பிறகு காவல் துறைகள் பணியில் சுடும் தோட்டாவிலேயே பயிற்சியும் கொடுக்கத் தொடங்கின. 125 கிரெய்ன் எடையுள்ள இலகுவான, வேகமான தோட்டாக்கள் வந்தன. சிலிண்டரைத் தாங்கும் கிரேனுக்கு இடம் விட, குழலின் பின்வாயில் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருந்தார்கள். எஃகு மிக மெலிந்த அந்த இடத்தில்தான் விரிசல் விட்டது. 1980-களின் தொடக்கத்தில் வந்த சற்றுப் பெரிய எல் சட்டம், 586-ம் 686-ம், இதற்குப் பதிலாக வந்தவையே.

பழைய மாடல் 19 மேசைக்கு வந்தால், சிலிண்டரைத் திறந்து, பின்வாயின் கரியைப் பித்தளைத் தூரிகையால் எடுத்துவிட்டு, அந்தத் தட்டைப் பகுதியைப் பூதக்கண்ணாடியில் பார். கரியோடு பார்த்தால் விரிசல் ஒளிந்துகொள்ளும். சில வேளை கரிக்கோட்டையே விரிசல் என்று நம்பி உடையவரைக் கலங்கடித்துவிடுவாய். நன்றாக இருந்தால், .38 ஸ்பெஷலிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல். மாற்றுக் குழல் இனி லேசில் கிடைக்காது.

2018-ல் திரும்பி வந்த மாடல் 19-ல் அந்தச் சீவல் இல்லை. பின்வாய் முழு வட்டம். உட்குழலும் மேலுறையும் தனித்தனி. நீடித்து உழைப்பதற்கு இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்தக் குழலைக் கழற்ற நிறுவனத்தின் தனிக் கருவி வேண்டும்; நம்மைப் போன்ற பட்டறைகளுக்குக் கதவு மூடியதுபோலத்தான். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

1990-களின் பிற்பாதியில் வந்த, உலோகப்பொடியை அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கும் ஹேமரையும் டிரிகரையும் பற்றி அதிகம் புலம்பாதே. அளவு மாறாமல் வருகின்றன, ராவும் வேலை குறைவு. பழைய அடித்த பாகங்களின் மேல்தோல் மட்டுமே கடினமானது. டிரிகர் இழுப்பு மென்மையாகட்டும் என்று கல்லால் அதைத் தேய்த்துத் தாண்டினால், நீயே அதன் ஆயுளை முடித்துவிடுகிறாய். 2001-ல் வந்த பக்கவாட்டுச் சாவித்துளைப் பூட்டோ உழைப்புக்காக வந்ததல்ல. அதை விரும்பாதவரோடு நீ வாதாட வேண்டாம்.

ரூகர் நிறுவனத்தின் பழைய ரிவால்வர்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. 1973-க்கு முந்தைய பிளாக்ஹாக், சிங்கிள் சிக்ஸ் போன்றவற்றில் ஹேமர், சுடும் ஊசியைத் தோட்டாவின் அடிமேல் அழுத்தியபடியே ஓய்ந்து நிற்கும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதனால்தான் அறிந்தவர்கள் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஹேமருக்குக் கீழுள்ள அறையைக் காலியாக விடுவார்கள். 1973-ல் வந்த டிரான்ஸ்ஃபர் பார், டிரிகரை அழுத்தினால் மட்டுமே ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்துகிறது. பழையவற்றுக்கும் அதை நிறுவனமே இலவசமாகப் பொருத்தி, கழற்றிய பாகங்களையும் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே சேகரிப்பாளர் ‘அசல் தன்மை போய்விடும்’ என்றால், அசல் பாகம் அவர் கையிலேயே இருக்கும் என்று சொல். அப்படியும் மறுத்தால், ஐந்து தோட்டா விஷயத்தை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ரசீதிலும் எழுது. தாத்தாவின் துப்பாக்கி என்று பேரன் கொண்டுவந்தால் இன்னும் பொறுமையாக, காலித் தோட்டா ஓடுகளை வைத்துச் செய்து காட்டி, அவன் கையால் ஒருமுறை செய்யவைத்த பிறகே கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அண்ணன்