சிசி கூடினால் வலு கூடுமா?

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பக்கம் யாராவது குடும்பத்துக்குக் கார் வாங்கப் போகிறேன் என்றால், அக்கம்பக்கம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சிசி?" ஆயிரம் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள்; ஆயிரத்து ஐந்நூறு என்றால் தலையாட்டுவார்கள். ஏழு வருடம் தவணை கட்டப்போகிறவர் அந்தத் தலையாட்டலை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

நம்பிக்கை: பெரிய இன்ஜின்தான் நன்றாக இழுக்கும்

இதைப் பொய்யாக்கிய வண்டி நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே பிறந்தது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 2013-இல் வந்த ஈகோஸ்போர்ட்டில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் இருந்தன. 1.5 லிட்டர் இன்ஜின் 112 குதிரைத்திறனும் 140 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. 999 சிசி ஈகோபூஸ்ட், மூன்றே சிலிண்டர், 125 குதிரைத்திறனும் 170 நியூட்டன் மீட்டரும் தந்தது. காரணம் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் விசிறி, சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. காற்று கூடுவதால் அதே இடத்தில் அதிகப் பெட்ரோலை எரிக்க முடிகிறது.

2019-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவும் அப்படித்தான்: 1,197 சிசி சாதா இன்ஜினுக்கு 83 குதிரைத்திறன், 998 சிசி டர்போவுக்கு 120. இதைவிட முக்கியமானது, இழுவை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பது. சாதா இன்ஜின் தன் முழு இழுவையான 114 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான் தொடும். டர்போ 172-ஐ 1,500 சுற்றிலேயே கொடுத்துவிடும். ஐந்து பேரோடு ஏசி போட்டுப் பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. விளம்பரத் தாளில் சிசியைத் தேடாமல், டார்க் எத்தனை, எந்தச் சுற்றில் என்று தேடுங்கள்.

நம்பிக்கை: 1,200 சிசி என்பது குடும்பக் காருக்குப் பொருத்தமான அளவு

அந்தக் கோட்டைப் போட்டது வரி. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், நாலு மீட்டருக்குள் அடங்கும் கார்களில் 1,200 சிசி வரையிலான பெட்ரோலுக்கும் 1,500 வரையிலான டீசலுக்கும் உற்பத்தி வரியைக் குறைத்தார். நம் ஊர் இன்ஜின்கள் 1,197, 1,199 என்று கோட்டை ஒட்டியே நிற்பது அதனால்தான். நாலு மீட்டருக்குள் அடங்கியும் ஈகோஸ்போர்ட் 1.5 பெட்ரோலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இப்போதைய ஜி.எஸ்.டி. வரியிலும் அதே கோடுதான்: 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

தமிழக சாலை வரியோ சிசியைப் பார்ப்பதில்லை, விலையைப் பார்க்கிறது. 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. வரிக்குரிய விலை 9.9 லட்சம் என்றால் சுமார் 1.29 லட்சம் கட்டுவீர்கள். 10.1 லட்சம் என்றால் 1.82 லட்சம். சன்ரூஃப் ஒன்றுக்காக அடுத்த வேரியன்டுக்குத் தாவி, இந்த 53,000 ரூபாயைக் கவனிக்காமல் விடுபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

நம்பிக்கை: சின்ன இன்ஜின் எப்போதும் மைலேஜ் தரும்

திண்டிவனம் சாலையில் சீராக எண்பதில் போனால் தரும். கேம்ப் ரோடு நெரிசலில் டர்போவை விரட்டி விரட்டி நிறுத்தினால் தராது. மலையிலும் கணக்கு மாறும். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் காற்று மெலிவதால் சாதா இன்ஜின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் டர்போவுக்கு உரிய ரக ஆயிலை உரிய நேரத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அது நன்றாகச் சூடானால்தான் கரி எரியும். பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: பெரிய இன்ஜின் வண்டி வெள்ளத்தில் நிற்காது

2015 டிசம்பரில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் வாசிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எந்த இன்ஜினும் சாகும். தண்ணீரை அழுத்த முடியாமல் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

என் தீர்ப்பு இது. வாரம் முழுக்க மேடவாக்கம், வேளச்சேரி; பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் என்றால் சாதா 1.2 போதும். மாதாமாதம் முழுக் குடும்பத்தோடு நெல்லைக்கோ மலைக்கோ போகிறவர்கள் 1.0 டர்போ வாங்கலாம். எதுவானாலும் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் அத்தனை பேரையும் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, ஒரு மேம்பாலம் ஏறிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.