உங்கள் நட்சத்திரம் வானத்தில் எங்கே?



கோவிலில் அர்ச்சனை சீட்டு கொடுத்தா ஐயர் கேட்பார்: "பேரு? நட்சத்திரம்?" நானும் யோசிக்காமல் "பூசம்"னு சொல்லிடுவேன். சின்ன வயசிலிருந்து பழக்கம். போன வருடம் எங்கள் கிளையின் சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பூசம் பூசம்னு சொல்றீங்களே, அது வானத்துல எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியல. படிப்பதோ பொறியியல். போதாக்குறைக்கு, பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய டெலஸ்கோப் ஒன்று அலமாரி மேல் நாலு மாசமாகத் தூசி பிடித்துக் கிடந்தது. அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் வானத்தை முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

1. திருவிழாவே வான வரைபடம்

சந்திரன் விண்மீன்களுக்கிடையே வானத்தை ஒரு சுற்று சுற்றிவர சுமார் 27.3 நாள் ஆகும். அந்தப் பாதையை நம் முன்னோர் 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் அங்கே தெரியும் விண்மீனின் பெயரை வைத்தார்கள். அதனால் சந்திரன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு நட்சத்திரம் கடக்கும். (ஜாதகப் பலன் வேறு பாடம். இங்கே கண்ணால் பார்ப்பதை மட்டும் பேசுவோம்.)

பௌர்ணமி அன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். சூரியன் மாதம் சுமார் 30 டிகிரி நகர்வதால், முழு நிலா நிற்கும் இடமும் மாதாமாதம் நகரும். இப்போது நம் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கார்த்திகையில் கார்த்திகை, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம், சித்திரையில் சித்திரை. அந்தந்த மாதத்தின் முழு நிலா அந்தந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும். சில வருடம் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எத்தனை இரவு நின்றிருப்போம்! நிலா எதன் பக்கத்தில் நிற்குதுன்னு ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்தோமா?

2. முதலில் கண்

ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு வெளியே வாருங்கள். தலைக்கு மேலே, கொஞ்சம் கிழக்கே, மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தெரியும். அது ஓரியனின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே சிவப்பாக மின்னுவது திருவாதிரை. பட்டையின் கோட்டை வடமேற்கே நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி. இன்னும் தாண்டினால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. முருகனை வளர்த்த ஆறு தாய்மார்கள் என்கிறோமே, அதே கார்த்திகைதான். பெரும்பாலோர் கண்ணுக்கு ஆறு தெரியும்.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். இடையில் ஒரு தடவை கைப்பேசியைப் பார்த்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்துதான்.

அடுத்து பைனாகுலர். 7x50 அல்லது 10x50 போதும். கார்த்திகைக் கொத்து டெலஸ்கோப்பின் குறுகிய பார்வையில் முழுசா அடங்காது. பைனாகுலரில்தான் அழகு.

3. டெலஸ்கோப்: பெட்டியை நம்பாதீங்க

என் டெலஸ்கோப் பெட்டியில் "525 மடங்கு" என்று பெருசாகப் போட்டிருந்தது. கணக்கு எளிது: டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 700 ஐ 4 ஆல் வகுத்தால் 175. கூடவே கொடுத்த 3 மடங்கு வில்லையைச் சேர்த்தால் 525. கணக்கு சரி, பயன்தான் இல்லை. நல்ல காற்றிலும் பயனுள்ள எல்லை, முன்வில்லையின் மில்லிமீட்டர் அளவைப் போல இரண்டு மடங்குதான். என்னுடையது 60 மில்லிமீட்டர், ஆக 120 மடங்கு. அதற்கு மேல் போனால் படம் மங்கிக் கலங்கும். ஆட்டம் காணும் முக்காலி வேற!

முக்கியம் உருப்பெருக்கம் இல்லை, ஒளி சேர்க்கும் விட்டம். இருட்டில் நம் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். 70 மில்லிமீட்டர் வில்லை அதைவிட 100 மடங்கு ஒளி சேர்க்கும்.

இன்னொன்று. வெளிநாட்டுப் புத்தகங்கள் "துருவ நட்சத்திரத்தை நோக்கி அமையுங்கள்" என்று ஆரம்பிக்கும். கோலாலம்பூரில் அது அடிவானத்துக்கு மேல் 3 டிகிரிதான், மரமும் புகைமூட்டமும் மறைத்துவிடும். அதனால் புதியவர்களுக்கு மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கி போதும். டாப்சோனியன் வகை நல்லது. நம் ஈரக் காற்றில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும்; சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.

4. முதல் இரவு

பகலிலேயே தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் குறிநோக்கியைச் சரிசெய்யுங்கள். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

25 மில்லிமீட்டர் வில்லையில் ஆரம்பியுங்கள். முதல் இலக்கு நிலா. ஆனால் பௌர்ணமியில் வேண்டாம். வளர்பிறை அஷ்டமியில் பாருங்கள். ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் தெளிவாக விழும். அடுத்து வியாழன். 1610-இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்கள் உங்களுக்கும் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். சனியின் வளையத்துக்கு 50 மடங்கே போதும்.

பூசம் எங்கே?

புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்கும் மகத்துக்கும் ஏறக்குறைய நடுவே. மங்கலான இடம். தைப்பூசத்தன்று நிலா வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும். அதனால் இரண்டு வாரம் பொறுத்து, அமாவாசையை ஒட்டி அந்தத் தம்பியை எங்கள் தாமான் திடலுக்குக் கூட்டிப் போனேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். பூசத்தை ஒட்டி ஒரு விண்மீன் கூட்டமே இருக்கிறது.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இவ்ளோ இருக்கா அண்ணா!" என்றான்.

இம்மாதப் பயிற்சி

1. உங்கள் நட்சத்திரம் எந்த விண்மீன், எந்த மாதம் மாலையில் தெரியும் என்று ஸ்டெல்லேரியம் செயலியில் கண்டுபிடியுங்கள்.
2. தொடர்ந்து ஐந்து இரவு நிலா எந்த விண்மீன் பக்கத்தில் இருக்கிறது என்று நோட்டில் வரையுங்கள். நாட்காட்டியில் போட்டிருக்கும் நட்சத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.
3. கிளையில் யாரிடமாவது பைனாகுலர் இருக்கா? கேட்டுப் பாருங்கள். ஒன்று போதும், பத்துப் பேர் பார்க்கலாம்.

அடுத்த தடவை ஐயர் நட்சத்திரம் கேட்டால் வாயால் சொல்லுங்கள். வெளியே வந்ததும் கையால் காட்டுங்கள்.