திறவுகோல் யாரிடம்?

செம்பூரிலிருந்து சிங்கப்பூரிலுள்ள தமையனுக்கு நாம் விடுக்கும் வாட்ஸ்அப் செய்தி, மறையெழுத்தாக மாறியே கடல் கடக்கிறது. அதன் திறவுகோல் இருவர் கைபேசியில் மட்டுமே உண்டு. இடைநிற்கும் நிறுவனத்திடம் இல்லை.

2021-ஆம் ஆண்டில் நம் அரசு ஒரு விதி வகுத்தது. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், ஒரு செய்தியை முதலில் விடுத்தவர் யாரென நிறுவனம் கூற வேண்டும். செய்தி அயல்நாட்டில் பிறந்ததாயின், இந்தியாவில் அதனை முதலில் அனுப்பியவரே தொடங்கியவராகக் கொள்ளப்படுவார். கொடுங்குற்றத்தைத் தடுப்பதே நோக்கம், அது தள்ளத்தக்கதன்று. ஆயின், எவர் செய்தி கேட்கப்படுமென முன்னரே அறிய இயலாது. ஆகவே எல்லோர் செய்தியிலும் அடையாளம் இட நேரும் என்று வாட்ஸ்அப் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

பிறநாட்டார் பட்டறிவு யாது? 1990-களில் அமெரிக்க அரசு, 40 பிட் நீளமுள்ள மெலிந்த திறவுகோலையே வெளிநாடுகளுக்குத் தாராளமாக விட்டது. 1997-இல் பெர்க்கிலி மாணவர் இயன் கோல்ட்பர்க் அத்தகைய ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் உடைத்தார். 2000-இல் தடை தளர்ந்தது. எனினும் அக்காலத்து ஏற்றுமதிப் பூட்டுகள் கணிப்பொறிகளில் தங்கிவிட்டன. 2015-இல் 'ஃப்ரீக்' என்னும் குறையாக வெளிப்பட்டபோது, அமெரிக்க அரசின் தளங்கள் சிலவும் அதற்கு ஆளாகியிருந்தன.

தோழர்களே, அயலானுக்கென மெலிவித்த பூட்டு நம் வீட்டுக் கதவிலும் வந்து தொங்கும். கணிதத்திற்கு நாட்டெல்லை தெரியாதன்றோ!